ஜாஹிழின் பக்கவாதமும் அவர் எழுதிய ஒரு நூலும்

பஸரா நகரத்துப் பேரறிஞர் அல்-ஜாஹிழ் (இறப்பு: ஹிஜ்ரி 255, கி.பி. 868-869) தம் முதுமையைப் பக்கவாதத்துடன் கழித்தார். அவரைக் காணச் சென்ற இலக்கண அறிஞர் அல்-முபர்ரத் நலம் வினவினார். உடலின் ஒரு பாதியை ரம்பத்தால் அறுத்தாலும் தெரிவதில்லை என்றும், மறுபாதிக்கு அருகே ஈ பறந்தாலே வலிக்கிறது என்றும், இரண்டினும் கொடியது தொண்ணூறைக் கடந்த வயதே என்றும் ஜாஹிழ் விடையிறுத்தாராம். அந்த மறுபாதியைக் கீல்வாதம் பற்றியிருந்தது. புத்தகக் குவியல் சரிந்து அவர் இறந்தார் என்னும் பிற்காலக் கதையையே நாம் விரும்பிப் பேசுகிறோம். நரம்பு நோயும் மூட்டு நோயும் ஒருசேரத் தாக்கிய உடலோடு அவர் வாழ்ந்த விதத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

தமது ‘கிதாபுல் ஹயவான்’ எழுதப்பட்ட சூழலைக் கூறும்போது, தமக்கு நேர்ந்த இடையூறுகளில் கடும் நோயையே அவர் முதலில் வைக்கிறார். அவருடைய ‘அல்-பயான் வத்தப்யீன்’ நூலைக் காணிக்கையாகப் பெற்ற காழி இப்னு அபீதுஆதும் ஹிஜ்ரி 233இல் பக்கவாதத்தில் வீழ்ந்தவர்தாம்.

நம் கவனத்திற்குரியது ஜாஹிழின் மற்றொரு நூல்: ‘அல்-புர்ஸான் வல் உர்ஜான் வல் உம்யான் வல் ஹூலான்’. வெண்புள்ளியுடையோர், நொண்டிகள், பார்வையற்றோர், மாறுகண்ணர் ஆகியோரைப் பற்றியது அது. அவருக்கு முன்பே அல்-ஹைதம் இப்னு அதீ, உடற்குறையுடைய பிரமுகர்களைப் பட்டியலிட்டிருந்தார். அந்தப் போக்கு ஜாஹிழுக்கு உவப்பாக இல்லை. வெறும் பெயர்ப் பட்டியல் குறையை மட்டுமே காட்டும். அவரோ அம்மனிதர்களின் வீரத்தையும் கவிதையையும் தலைமையையும் சேர்த்தே எழுதினார். ஊனத்தை மறைக்கவுமில்லை, அதற்காக இரக்கம் கோரவுமில்லை. இந்த நூலின் அருமை இதுவே என்பது என் கருத்து.

இத்தகைய பார்வைக்கு முன்மாதிரிகள் இருந்தன. மக்காவின் தாபிஈ அதாஉ இப்னு அபீரபாஹ் (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 114) கறுப்பர், கை சூம்பியவர், கால் ஊனமானவர், ஒரு கண் இழந்து பின்னர் முற்றிலும் பார்வையற்றவர். ஹஜ்ஜுக் காலத்தில் அவரன்றி வேறெவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று உமையா ஆட்சி அறிவித்தது. அவரினும் சிறந்தவரைத் தாம் கண்டதில்லை என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). முதலாம் வலீத் (705-715) நடக்கவியலாதோர்க்குப் பணியாளரையும் பார்வையற்றோர்க்கு வழிகாட்டியையும் அமர்த்தியதைத் தபரீ பதிவு செய்துள்ளார்; யாசித்து வாழும் நிலை அவர்களுக்கு வரலாகாது என்பதே அதன் கருத்து. பின்னர் இப்னு ஸீனா தம் ‘கானூன்’ மூன்றாம் நூலில் பக்கவாதம், முகவாதம், நடுக்கம், மரமரப்பு ஆகியவற்றை நரம்பு நோய்கள் என்றே தனியே வகுத்தார்.

ஜாஹிழின் பார்வைக்கு நம் காலத்துச் சான்று ஒன்றைத் தேடினால், நோணாங்குப்பத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூருக்குச் செல்லலாம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நிற்காமலும் செய்யக்கூடிய அறுவை எது என்ற கேள்விக்குத் தொழுநோயாளரின் கைகளே விடையாயின. நரம்பழிந்து மடங்கிப்போன அவ்விரல்களை அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சீர்செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹவர்டு ரஸ்கிடம் பயின்று திரும்பி, புனர்வாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். தண்டுவடம் முறிந்தோர் தங்கிப் பழகி வீடு திரும்புவதற்கான நிலையம் வேலூரில் 1966இல் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1986இல் மறைந்தார்.