பாங்கி முக்கோண வீட்டைக் கட்டியவர் யார்?



படிவம் ஐந்து மாணவி ஒருத்தி தன் கட்டுரையில், "சாலிஞ்சர் இல்லத்தை ஜிம்மி லிம் கட்டினார்" என்று எழுதியிருந்தாள். நானும் சரி போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது.

முதலில் வீட்டைப் பார்ப்போம். பாயா ரும்புட்டிலிருந்து நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போகும்போது பாங்கி வரும் இல்லையா? அந்த வட்டாரத்தில் 1992இல் கட்டி முடிந்த மரவீடு இது. வழக்கமான சதுரம், செவ்வகம் எதுவும் கிடையாது. தரை அமைப்பே முக்கோணம். பெரிய முக்கோணத்தில் குடியிருக்கும் பகுதி, சிறியதில் திறந்த திண்ணை. படத்தைக் காட்டினால் மாணவர்கள், "சார், இது வெளிநாடா?" என்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது கம்பத்து வீட்டின் அறிவுதான். தூண்கள் வீட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகின்றன. அடியிலும் பக்கத்திலும் காற்று புகுந்து போகிறது. மரம் செங்கால்; நம் காடுகளில் கிடைக்கும் மிகக் கெட்டியான மரங்களில் ஒன்று. ஒரு மரத்தில் துளை வெட்டி, இன்னொன்றின் முனையை அதில் நுழைத்துப் பூட்டும் பழைய மலாய்த் தச்சு முறையில் சேர்த்திருக்கிறார்கள்.

1998இல் இந்த வீட்டுக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு அதே விருது 2004இல்தான் வந்தது. கோபுரத்துக்கு முன்னால் மரவீடு! இதை வகுப்பில் சொல்லிப் பாருங்க, தூங்குகிற பையனும் நிமிர்வான்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் ரூடின் சாலிஞ்சர், அவர் கட்டுவித்தார். ஜிம்மி லிம் வடிவமைத்தார். கட்டியவர்? கெலாந்தான் தச்சர் இப்ராஹிம் ஆடாம். தன்வினை, பிறவினை என்று இலக்கணப் பாடத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அது கட்டுரைக்குள் வரும்போது ஒரு மனிதரின் பெயரையே காப்பாற்றுகிறது. "ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான்" என்றும் எழுதுகிறோம். அந்தக் கோயில் கல்வெட்டிலேயே குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தச்சரின் பெயர் இருக்கிறது. மன்னன் மறைக்கவில்லை, நாம்தான் விட்டுவிட்டோம். (அந்த மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. தப்பு என்னுடையதும்தானே!)

ஆசிரியர்கள் இந்த மூன்று வினைகளையும் கரும்பலகையில் எழுதி, மூன்று பெயர்களையும் மாணவர்களையே பொருத்தச் சொல்லலாம். அடுத்ததாக நம் மலாக்காத் தோட்டத்து லயங்களை எடுங்க. யார் கட்டியது என்று கேட்டால், "கம்பெனி" என்று சட்டென்று பதில் வரும். கம்பெனி கட்டுவித்தது, சரி. பலகை இழைத்தது யார், கூரை ஏறியது யார்? மாணவர்களே, உங்கள் பாட்டிக்கு ஒரு பெயராவது ஞாபகம் இருக்கும். இந்த வாரமே கேட்டு, தேதியோடு எழுதி வகுப்புக்குக் கொண்டு வாங்க.