எடைத் தேக்கம்

எடைத் தேக்கம் என்பது, உணவைக் குறைத்து உடற்பயிற்சியையும் விடாமல் செய்துவரும் ஒருவரின் உடல் எடை ஒரு கட்டத்துக்குமேல் இறங்காமல் நின்றுவிடும் நிலை. டயட் தொடங்கிய புதிதில் எடை மளமளவென்று இறங்கும். அதில் கணிசமான பங்கு கொழுப்பல்ல, தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் கரையும்போது, அதன் ஒவ்வொரு கிராமோடும் ஒட்டியிருந்த சுமார் 3 கிராம் நீரும் வெளியேறிவிடுகிறது. பிறகு வேகம் தணிந்து, பலருக்கு ஆறாவது மாதத்தை ஒட்டி எடைப்பொறியின் முள் அசைய மறுக்கும்.

இந்த நிலை பலரைத் திகைக்க வைப்பதற்கு ஒரு பழைய கணக்கும் காரணம். 1958இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டு எடையைக் குறைக்க 3,500 கலோரி குறைய வேண்டும் என்று எழுதினார். கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ போகும் என்று இன்றும் சொல்வது இதை வைத்துத்தான். அப்படியே நடந்தால் 80 கிலோ ஆள் மூன்றரை ஆண்டில் காணாமலே போக வேண்டும். எடை குறையக் குறைய உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்ளும் என்பதை இந்தக் கணக்கு விட்டுவிட்டது.

அந்தச் சிக்கனத்தை விரிவாக அளந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ். இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கின் அடியில் இருந்த அறைகளில் 36 இளைஞர்களைத் தங்க வைத்து ஆய்வு செய்தார். அனைவரும் மனசாட்சியின்படி ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள், விரும்பி முன்வந்தவர்கள். 24 வாரம் ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், மக்ரோனி என்று அரைவயிற்றுச் சாப்பாடு. வாரம் 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால்பங்கு போனது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலோ சுமார் 40 சதவீதம் சரிந்தது. உடல் சிறுத்தது மட்டுமே இவ்வளவு சரிவுக்குக் காரணமில்லை. காலில் நீர் கோத்து உண்மையான இழப்பை மறைத்தது. அவர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். ஆய்வு முடிந்து வயிறாரச் சாப்பிட்ட பின்னும் பலருக்குப் பசி அடங்கவில்லை.

1995இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ரூடால்ஃப் லைபல் குழு, எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களிடமும் எதிர்பார்ப்பை மிஞ்சிய ஆற்றல் சிக்கனம் இருப்பதைக் காட்டியது. 2016இல் கெவின் ஹால் குழு ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தும், ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது.

ஆனால் பழியை முழுக்க வளர்சிதை மாற்றத்தின்மேல் போடுவது சரியல்ல. ஹால் குழுவின் இன்னொரு மதிப்பீட்டின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆற்றல் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது; சாப்பிடும் வேட்கையோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. ஆக, தேக்கத்தில் பெரிய பங்கு பசிக்குத்தான். கொழுப்புத் திசு சுருங்கினால், 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்த லெப்டின் ஹார்மோன் குறையும். மூளை அதைப் பட்டினியின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும்.

அந்தக் கூடுதல் சாப்பாடு கணக்கில் வராமலே உள்ளே போய்விடுகிறது. நியூயார்க்கில் நடந்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், என்ன செய்தும் எடை இறங்கவில்லை என்றவர்கள், தாங்கள் உண்டதில் ஏறக்குறைய பாதியைக் குறிப்பில் விட்டிருந்தார்கள். செய்த உடலுழைப்பையோ அதிகமாகவே மதிப்பிட்டிருந்தார்கள். அவர்களின் வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும். தோசை ஓரத்தில் சுற்றி விடும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. அரைமணி நேர வேகநடையில் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

உடற்பயிற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் தான்சானியாவின் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவு, உடல் அளவைக் கணக்கில் கொண்டால், மேலைநாட்டு நகரவாசிகளைவிட அதிகமில்லை என்று 2012இல் ஹெர்மன் பான்ட்சர் குழு கண்டது. உழைப்பு கூடினால் உடல் வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கிறது என்ற அவர் கருத்தில் விவாதம் ஓயவில்லை. எடையைக் குறைப்பதைவிட, குறைந்ததை ஏறவிடாமல் காப்பதிலும் தசையைக் காப்பதிலும்தான் பயிற்சியின் பலன் கூடுதல்.

சிலருக்கு நோயோ மருந்தோ காரணமாகலாம். தைராய்டு சுரப்புக் குறைவு, பெண்களுக்கு வரும் சினைப்பைக் கோளாறான பி.சி.ஓ.எஸ்., அரிதாக குஷிங் நோய். மருந்துகளில் இன்சுலின், ஸ்டீராய்டு, மனநோய்க்கான ஓலான்ஸபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட். தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் உப்பும் நீரும் அதிகம். ஆகவே தைராய்டு மாத்திரை தொடங்கியதும் பத்துப் பதினைந்து கிலோ இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. புதிதாக ஜிம்முக்குப் போவோருக்கும், மாதவிலக்கை ஒட்டியும், உடலில் தங்கும் நீர் கொழுப்பு குறைவதை மறைக்கக்கூடும். இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

பசியை அடக்கும் செமாக்ளுடைட், டிர்செப்படைட் ஊசிகள் தேக்கத்தை ஒழிப்பதில்லை. அதை இன்னும் கீழே தள்ளி வைக்கின்றன. 2021இல் வெளியான ஆய்வில், செமாக்ளுடைட் எடுத்தவர்களின் எடை 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் கடைசி வாரங்களில் வரைகோடு தட்டையாகிவிட்டது. ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது.