குற்றாலத்துக்கு வந்த கிராம்பு

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசிப் பக்கத்து வீடுகளில் தும்மலும் சுக்கு தட்டும் சத்தமும் சேர்ந்தே கேட்கும். சுக்கு, மிளகு, திப்பிலியைத் தட்டிப் போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்க வைத்து இறக்குவார்கள். இருமல் அதிகம் என்றால் எங்கள் ஆச்சி இரண்டு கிராம்பும் போடுவாள். "எல்லாம் நம்ம பொதிகைச் சரக்குல்லா" என்று பெருமையும் அடித்துக்கொள்வாள்.

மிளகைப் பற்றி ஆச்சி சொன்னது சரி. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாகப் படர்கிற கொடி. கிராம்பின் கதை வேறு.

கிராம்பு மரத்தின் பிறப்பிடம் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மொலுக்காஸ் தீவுகள். காய்ந்த மொட்டு கப்பலேறி நம் மருந்துக் கடைகளுக்குப் பல நூற்றாண்டுகளாக வந்தது; மரம் வரவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள், ஆம்பன் பகுதி தவிர மற்ற தீவுகளில் இருந்த மரங்களை வெட்டிச் சாய்த்து, வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். 1770 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் கன்றுகளை மொரீஷியசுக்குக் கடத்தினார்கள். 1796-இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடித்தார்கள். 1800-ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டு அங்கே கிராம்பை வளர்த்தது.

குற்றாலம் அதற்குத் தோதான இடம்தான். செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடரில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கமும் வந்து சாரலாகத் தூவுகிறது. ஈரமும் மிதமான வெப்பமும் கிராம்புக்குப் பிடிக்கும். இன்று பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் அது நன்றாக விளைகிறது. 2021-இல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

2020-இல் கொரோனா வந்தபோது தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், நினைவிருக்கும். அதிலுள்ள 15 சரக்குகளில் இலவங்கம் என்கிற கிராம்பும் ஒன்று. கோஷ்டம் இமயமலைச் சரக்கு. அக்கரகாரம் வட ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடியின் வேர். நிலவேம்பும் ஆடாதோடையும் நம் வேலியோரத்துச் செடிகள். ஒரு தம்ளர் கஷாயத்தில் எத்தனை ஊர்கள் பாருங்கள்!

நம் வைத்தியர்கள் சரக்கு எந்த ஊர் என்று கேட்டு ஒதுக்கவில்லை. நோய்க்கு உதவுமா என்றுதான் பார்த்தார்கள். பழைய வைத்தியத்தின் பலமே அதுதான் என்பேன். அதைப் பெருமையாகப் பேசுகிற நாமும் அவர்களைப் போலத்தான் நடக்க வேண்டும். சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் கஷாயம் இதமாக இருக்கும், குடிப்போம். காய்ச்சல் மூன்றாவது நாளும் விடவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ, "கஷாயம் கேட்கும்" என்று வீட்டிலேயே படுத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்துவிடுவோம். டெங்குவா, வேறு காய்ச்சலா என்று கஷாயச் சட்டி சொல்லாது. நம் வயதில் ஒரு நாள் தாமதமும் பெரிது.