முகத்தில் பூசும் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் இழுப்பேனே, அது மாதிரி என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தம்பி பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால், கூடத்தில் முகம் முழுக்க மண் அப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பயந்தே போனேன். "முல்தானி மெட்டி, அத்தைப் பாட்டி. ரோஸ் வாட்டர்ல குழைச்சுப் போட்டிருக்கேன்" என்றாள், உதடு அசையாமல். கழுவி வந்ததும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டெய்லி போட்டா வெள்ளையாயிடுவேனா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

முல்தான் என்பது ஊர்ப் பெயர். செனாப் ஆற்றங்கரையில் உள்ள பழைய நகரம். 1947 வரை பிரிவுபடாத பஞ்சாபில் இருந்தது, இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. "மிட்டி" என்றால் இந்தியில் மண். நம் வாயில் அது மெட்டியாகி, சிலர் வாயில் மட்டியும் ஆகிவிட்டது. முல்தான் பெரிய சந்தை நகரம். அந்த ஊர் வணிகர்கள் மத்திய ஆசியா வரை போய்க் கடை விரித்தவர்கள். சரக்கு கைமாறுகிற ஊரின் பெயர் சரக்கின் மேல் ஒட்டிக்கொள்வது உலக வழக்கம். இன்று நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ராஜஸ்தான் மண். பார்மேர், பிகானேர் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். எல்லைக்கோடு போட்டு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் குளியலறை அலமாரியில் அந்த ஊர்ப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

இந்த வகை மண்ணுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரை அப்படியே சொன்னால் "துணி வெளுப்பவர் மண்" என்று வரும். அழகு நிலையத்துக்கும் இதற்கும் ஆரம்பத்தில் சம்பந்தமில்லை. ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே பிசுக்கு உண்டு. கம்பளி நெய்தவர்கள் அதைப் போக்க இந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் துணியை ஊறவைத்து மிதித்தார்கள். ரோமாபுரியில் இது பெரிய தொழில். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் மூடிய பாம்பெய் நகரத்தில் இந்தச் சலவைக் கூடங்களைத் தொட்டிகளோடு தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதே எரிமலையில் உயிர்விட்ட பிளினி, எந்த ஊர் மண் எந்தத் துணிக்கு ஆகும், எதை முதலில் போட வேண்டும், எதைப் பிறகு போட வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். இந்த வரிசையைச் சொல்ல ரோமில் சட்டமே இருந்தது. அந்தச் சலவைக்காரர்கள் புளித்த சிறுநீரையும் பயன்படுத்தினார்கள் என்று நான் வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்ச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. யார் யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது!

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் இந்த மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டார்கள். கம்பளித் தொழில்தான் அந்த நாட்டுக்குச் சோறு போட்டது. போட்டி நாட்டுக்காரன் கையில் நல்ல மண் போய்விட்டால் அவன் துணியும் நன்றாக வந்துவிடுமே!

நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்களும் உவர்மண்ணில் துணியை முக்கி வெள்ளாவி வைத்தார்கள். ஆனால் உவர்மண்ணின் வேலை வேறு. அதில் காரம் இருக்கிறது, அது பிசுக்கோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிறது. முல்தானி அப்படியில்லை. அதன் துகள்கள் அப்பளக் கட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளால் ஆனவை. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் ஏராளமான பரப்பு. எண்ணெய் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். துணியில் செய்த வேலையைத்தான் அது நம் முகத்திலும் செய்கிறது.

மண்ணை மருந்தாக்கிய கதை இன்னும் சுவையானது. கிரேக்க நாட்டில் லெம்னோஸ் என்று ஒரு தீவு. அந்த ஊர்ச் சிவப்பு மண்ணை வில்லையாக்கி, முத்திரை குத்தி, புண்ணுக்கும் விஷத்துக்கும் மருந்தென்று விற்றார்கள். அதில் ஆட்டு ரத்தம் கலக்கிறார்கள் என்று பழைய மருத்துவ நூல் ஒன்று சொன்னது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்ற மருத்துவர் அதைக் கேட்டு அப்படியே நம்பவில்லை. நேரில் பார்க்கக் கப்பலேறினார். முதல் தடவை கப்பல் தீவின் வேறொரு துறையில் நின்றதால் பார்க்க முடியாமல் திரும்பினார். இன்னொரு பயணத்தில் மறுபடி போனார். பெண் பூசாரி ஒருவர் மண்ணை வண்டியில் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை இறுத்து, அடியில் தங்கிய மணலை ஒதுக்கி, நடுவில் உள்ள வழவழப்பான களியை மட்டும் எடுத்து முத்திரை குத்துவதைக் கண்ணால் பார்த்தார். ஆட்டு ரத்தம் பற்றிக் கேட்டதும் அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். இருபதாயிரம் வில்லை வாங்கிக்கொண்டு திரும்பியதாக அவரே எழுதியிருக்கிறார்.

வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் எனக்கு அனுப்பும் பிள்ளைகளே, காலென் இரண்டு தடவை கப்பலேறினார். நீங்கள் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

கரைத்துத் தெளியவிட்டு எடுக்கும் இந்த முறையைப் பார்க்க லெம்னோஸ் வரை போக வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜடேரி என்ற கிராமத்தில் நாமக்கட்டி செய்கிறார்கள். வெள்ளைக் களிமண்ணைத் தூளாக்கி, தொட்டியில் கரைத்து, தெளியவைத்து, கட்டியாக உருட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெற்றிக்கு மட்டுமா அது? தாடை வீங்கினால் இழைத்துப் போடுவார்கள், வேனல் கட்டிக்குப் போடுவார்கள், பருவுக்கும் போடுவார்கள். என் அம்மா சந்தனக் கல்லிலேயே நாமக்கட்டியையும் இழைத்துவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்குவார்.

காந்தியடிகளும் மண் வைத்தியப் பிரியர். ஜெர்மானியர் அடால்ஃப் ஜஸ்ட் எழுதிய புத்தகத்தைத் தென்னாப்பிரிக்காவில் படித்துவிட்டு, ஈர மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டார். தன் சுயசரிதையில் இதற்கென்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

இத்தனை கதையிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? சலவைக்காரர் அழுக்கைப் போக்கினார். மருத்துவர் புண்ணை ஆற்றப் பார்த்தார். நிறத்தை மாற்றுவது இவர்கள் யாருடைய வேலையாகவும் இல்லை. ஆலைகளில் சமையல் எண்ணெயின் நிறத்தை எடுக்க இதே இன மண்ணைப் பயன்படுத்துகிறார்கள், அது உண்மை. ஆனால் நம் நிறம் மேலே படிந்த எண்ணெய் இல்லை. அது தோலின் உள்ளே, உயிருள்ள அணுக்களில் உருவாகிறது. மண் அங்கே போகாது. கழுவியதும் முகம் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், எண்ணெயும் இறந்த தோலும் போய்விட்டதுதான்.

இந்தியாவில் சிவப்பழகு க்ரீம் 1975இல் பெரிய அளவில் கடைக்கு வந்தது. 2020இல் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுத்தார்கள். மனதிலிருந்து எடுக்க இன்னும் நாளாகும். நம் சங்கப் புலவர்கள் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகென்று பாடினார்கள். தோல் வெளிறிப்போவதைப் பசலை என்றார்கள். அது பிரிவுத் துயரின் அடையாளம். வெளிறிப்போனால் தோழி கவலைப்பட்டாள், கொண்டாடவில்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். ஆனால் உடனே சொல்ல முடியவில்லை என்றேனே, அதற்குக் காரணம் வேறு.

1989ஆம் ஆண்டு. பள்ளி ஆண்டு விழாவுக்கு ராணி மங்கம்மாள் நாடகம் போட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு முழு வசனமும் மனப்பாடம். குரலும் கணீரென்று இருக்கும். நல்ல கறுப்பு. நான் ராணி வேஷத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தேன். "மேடையில லைட்டுல எடுக்கணும்மா" என்று இவளிடம் சொல்லிவிட்டுத் தோழி வேஷம் கொடுத்தேன். மறுநாள் ஒத்திகைக்கு வந்தபோது அவள் காதோரத்தில், கழுவியும் போகாமல், ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நாமக்கட்டி. நான் பார்த்தேன். ஏதும் கேட்கவில்லை. வேஷத்தையும் மாற்றவில்லை. விழாவன்று ராணி வசனத்தை மறந்தபோது, பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அசோகரையும் அக்பரையும் பிள்ளைகளுக்கு நடத்தினேன். அந்த ஒரு கோட்டை மட்டும் படிக்கத் தெரியாதவள் மாதிரி நடித்தேன். நீ இந்தப் பதிவைப் படிப்பாயா என்று தெரியாது. படித்தால், உன் டீச்சர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் அம்மா. ராணி நீதான்.

பேத்தியிடம் கடைசியில் சொன்னது இதுதான்: "வெள்ளையாக மாட்டே கண்ணு. ஆகவும் வேண்டாம். எண்ணெய் வழிஞ்சா வாரம் ஒரு தடவை போடு, குளுகுளுன்னு இருக்கும்."

போடுகிறவர்களுக்கு நாலு வார்த்தை. மண் வெடிக்கும்வரை விடாதீர்கள், ஈரம் இருக்கும்போதே கழுவிவிடுங்கள். வறண்ட தோல்காரர்களுக்கு இது ஆகாது. முதலில் முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். தோட்டத்து மண்ணையோ வயல் மண்ணையோ எடுத்துப் பூசாதீர்கள். ரணஜன்னிக் கிருமி மண்ணில்தான் வாழ்கிறது, பரு உடைந்த இடம் அதற்கு வாசல். பொட்டலத்தில் யார் தயாரித்தது என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் ஒரு களிமண் தூளில் ஈயம் அதிகம் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரித்தது. எந்த மண்ணையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்.

உங்கள் வீட்டுப் பாட்டிமார் எந்த மண்ணை எதற்குப் பூசினார்கள், தலைக்குத் தேய்த்தார்களா, கட்டிக்குப் போட்டார்களா என்று கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஹிஸ்டரி டீச்சர்