நீராவி வேலையும் ஒரு தாளும்

உடப்புசல்லாவை ரயில் பாதை என்று ஒன்று இருந்ததாகச் சொன்னால் இன்று பலர் நம்ப மாட்டார்கள். 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியாக ராகலைக்கும் இரண்டரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்டார்கள். நீராவி எஞ்சின் தேயிலைப் பெட்டிகளை இறக்கியது, அரிசியையும் உரத்தையும் ஏற்றியது. 1940களில் லொறிகளோடு போட்டி போட முடியாமல் நின்றுபோனது.

ஆனால் நீராவி ரயிலோடு மட்டும் மலைக்கு வரவில்லை. தேயிலை ஸ்டோர்களில் உருளைகளைச் சுழற்ற ஒரு பக்கம் தண்ணீர்ச் சக்கரம், இன்னொரு பக்கம் நீராவி எஞ்சின். இன்றும் சில ஸ்டோர்களில் கொழுந்து காய்வது பொயிலர் சூட்டில்தான். இயந்திரம் செய்த வெள்ளைக்காரர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒழுகும் பைப்பை அடைத்த லயத்து ஆளின் பெயர் எங்கே?

அது லேசான வேலை இல்லை. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தத்தில் ஓடும் நீராவியின் சூடு ஏறக்குறைய 170 பாகை செல்சியஸ். பைப்பை லேசான சரிவில் போட வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே தேங்கும். தேங்கியது தெரியாமல் வால்வைப் படக்கென்று திறந்தால், அந்தத் தண்ணீரே சம்மட்டி மாதிரி அடித்து மூட்டைப் பிளக்கும்.

இதையெல்லாம் எங்கே படிச்சாங்க? பிட்டர் பாஸுக்குப் பின்னால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போய்த்தான். வட அமெரிக்காவில் 1889இல் உருவான குழாய்த் தொழிலாளர் சங்கம் இதே வேலைக்கு ஐந்தாண்டுப் பயிலுநர் காலம் வைத்திருக்கிறது. அங்கே சம்பளத்தோடு படிப்பு, கடைசியில் சான்றிதழ். எங்கள் ஆட்களுக்குப் படிப்பு கிடைத்தது, சான்றிதழ் கிடைக்கவில்லை.

காரணம் சோம்பல் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அரசாங்க வேலைக்குக் குடியுரிமை வேண்டும். அதனால் ரயில்வே பட்டறை போன்ற இடங்களின் கதவு மூடியது. 1971இல் தேசிய பயிலுநர் சட்டம் வந்தபோதும் பல்லாயிரம் பேர் நாடற்றவர்கள்தான். மற்றவர்கள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இல் பதினெட்டு வயதில் கையாளாகச் சேர்ந்த ஒருவருக்கு அப்போது 73 வயது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. வேலை செய்தே கற்றவர்கள் வகுப்புக்குப் போகாமலே, செய்து காட்டி, என்.வி.கியூ சான்றிதழ் பெற வழி இருக்கிறது. நைட்டா அந்த மதிப்பீட்டைச் செய்கிறது. வளைகுடாவுக்குப் போகும் தம்பி அங்கே ஹெல்பரா, பைப் பிட்டரா என்பதைப் பெரும்பாலும் அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது.

உங்கள் தோட்டத்து ஸ்டோரிலும் பொயிலர் பார்க்கும் ஓர் அண்ணன் இருப்பார். அவரிடம் பேசுங்கள். விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். அப்படியே, அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள்.