எரிவதும் ஊர்வதும்

அக்கி என்ற சொல்லுக்குள் இருப்பது நெருப்பு. வடமொழியின் அக்நி, பாளியிலும் பிராகிருதங்களிலும் அக்கி என்று திரிந்தது. அந்த வடிவந்தான் தமிழுக்குள் வந்தது. பின்னால் வந்த அக்கினியிடம் நெருப்பு என்ற பொருளை விட்டுவிட்டு, தோலில் கூட்டமாக எழும்பும் நீர்க்கொப்புளத்தின் பெயராக அது நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் குயவர்கள் காவிமண்ணைக் குழைத்து அந்தப் புண்ணின் மேல் சிங்க உருவம் வரைவதை ‘அக்கி எழுதுதல்’ என்பார்கள்.

ஆங்கில வைத்தியம் தந்த பெயர் ஹெர்ப்பீஸ். ஊர்தல், தவழ்தல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது. ஹிப்போகிரட்டீசின் பெயரில் வழங்கும் நூல்களிலேயே இச்சொல் உண்டு. தோலில் ஊர்ந்து பரவும் எந்தப் புண்ணையும் அக்காலத்தவர் அப்படித்தான் அழைத்தார்கள். அந்தக் கிரேக்க வினையும் வடமொழியின் ‘ஸர்ப்’ என்ற வினையடியும் ஒரே மூலத்தில் பிறந்தவை. எனவே நாம் அறிந்த சர்ப்பமும், பழைய வைத்திய நூல்கள் பரவும் புண்ணுக்குச் சொல்லும் விசர்ப்பமும் ஹெர்ப்பீசுக்குத் தாயாதிகள். கொழும்புத்துறை ஆச்சி ஒருவர் புற்றடியில் சர்ப்பத்தைக் கும்பிடும்போது, பல் வைத்தியர் தன் குறிப்பில் எழுதும் சொல்லின் உறவைத்தான் உச்சரிக்கிறார்.

ஊர்தல் என்று பெயர் வைத்தவர்கள் கண்டது வெளித்தோலை மட்டுமே. உள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், உமிழ்நீர் வழியாகவோ ஒரு முத்தத்தாலோ ஹெர்ப்பீசை உண்டாக்கும் வைரசு வாய்க்குள் நுழைகிறது. அங்கிருந்து உணர்ச்சி நரம்பின் வழியே ஊர்ந்து, மண்டையோட்டின் அடியில் முகத்து நரம்பின் மூன்று கிளைகளும் கூடும் திரட்டுக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு ஆயுள் முழுக்க அங்கேதான். நரம்புவலிக்காக அந்தத் திரட்டில் கத்தி வைத்தபின் நோயாளிகளின் முகத்தில் கொப்புளம் எழும்பியதை அமெரிக்க அறுவை வைத்தியர் ஹார்வி குஷிங் 1905இல் எழுதினார். வைரசு திரட்டிலேயே உறங்குகிறது என்ற கருத்தை எர்னஸ்ட் குட்பாஸ்சர் 1929இல் முன்வைத்தார். இறந்தவர்களின் திரட்டிலிருந்து அதை வளர்த்தெடுத்துக் காட்ட 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இது குடியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

உறங்குவதை எழுப்பக் காய்ச்சல் போதும், மனக்கவலை போதும், வெயில் போதும். கடனீரேரிக் கரையில் நாள் முழுக்க வலையோடு நிற்பவரின் கீழுதட்டுக்கு அந்த வெயில் தாராளமாகவே கிடைக்கிறது. பல் வைத்தியரின் கதிரையும் எழுப்பும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க உதட்டை இழுத்துப் பிடிக்கிறார்கள், அண்ணத்தில் ஊசி ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் ஊசி ஏறிய அதே பக்கத்து அண்ணத்தில் குண்டூசித் தலையளவு கொப்புளங்கள் கொத்தாக எழும்பி, உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து ஓரம் நெளிந்த புண்ணாகின்றன. “ஊசி போட்ட இடம் பழுதாப் போச்சு டொக்டர்” என்று நோயாளி வந்து நிற்பார். வாய் அவிஞ்சு கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் அடியிலோ வரும் சாதாரணப் புண் வேறு. இது திரும்பி வரும்போது இறுகிய சதையைத்தான் தேடும்: அண்ணம், முரசு, உதட்டின் விளிம்பு.

வைத்தியரும் தப்பியதில்லை. கையுறை வழக்கத்துக்கு வருமுன், நோயாளியின் வாயிலிருந்து பல் வைத்தியரின் விரல் நுனிக்கு இது தாவி, நகச்சுத்து மாதிரி வீங்கி வலிக்கும். சீழ் என்று எண்ணிக் கீறினால் நிலைமை மோசமாகும்.

இந்த நோய்க்குக் கிரேக்கப் பெயரைவிட நம் பெயரே கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம். கொப்புளம் கண்ணுக்குத் தெரிய முன்பே எரிவும் சுணையும் தொடங்கிவிடும். அசைக்ளோவிர் நன்றாக வேலை செய்வதும் அந்த எரிவு நேரத்தில்தான். பல்லுக்கு நாள் குறித்திருப்பவர் உதட்டில் எரிவு கண்டதும் சொல்லிவிட வேண்டும். அவசரமில்லாத வேலையென்றால் புண் காய்ந்து ஆறும்வரை வைத்தியர் தள்ளிப்போடுவார். ஈரக் கொப்புளத்தில் வைரசு நிறைந்திருக்கும், துளைகருவி தெறிக்கும் நீர்த்துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கொப்புளிப்பான் வந்து போனவரிடம் தங்கும் வைரசும் இதே குடும்பம்தான். வயதான காலத்தில் இடுப்பையோ முகத்தையோ பிடிக்கும் அக்கி அதனுடையது. முகத்து நரம்பில் அது விழித்தால், கொப்புளம் எழுவதற்குச் சில நாள் முன்பே பல்லுக் கொதி போலக் கடும் வலி வரும். சொத்தையில்லாத நல்ல பல்லை அந்த வலிக்காகப் பிடுங்கிக் கொண்டவர்கள் உண்டு. பிடுங்கிய பிறகும் வலி அப்படியே இருக்கும், அடுத்த நாளோ மறுநாளோ கன்னத்தின் அந்த ஒரு பக்கம் மட்டும் சிவந்து கொப்பளிக்கும்.