ஒரே பெர்த்தில் இருவர்

ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் ஆம்பூர் போய், ஒரு ஷூ கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளக் கணக்கு, தோல் ஸ்டாக், ஏற்றுமதி பில் எல்லாம் இரண்டே பெட்டிகளுக்குள் தனித்தனி மெய்நிகர் சர்வர்களாக ஓடுகின்றன.

இது நேற்று வந்த ஏற்பாடல்ல. 1967-லேயே ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்தில் சிபி-40 என்ற மென்பொருள் ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டியது. அதே வழியில் 1972-இல் விஎம்/370 வந்தது. அன்று இயந்திரத்தின் விலை அவ்வளவு அதிகம். மலிவான சர்வர்கள் வந்தபின் வேலைக்கொரு பெட்டி வாங்கினார்கள். பெரும்பாலும் சும்மாவே கிடந்தன. அந்த வீணடிப்பைத்தான் 2001-இல் விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ் மென்பொருள் குறிவைத்தது.

பிராசசரைப் பங்கிடுவது ஓரளவு சுலபம், நேரத்தை நறுக்கித் தரலாம். நினைவகம் அப்படியல்ல, கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது? 2002-இல் கார்ல் வால்ட்ஸ்பர்கர் எழுதிய ஆய்வுக்கட்டுரை விளக்கிய பலூன் முறையை இன்றும் வியக்கிறேன். மெய்நிகர் சர்வருக்குள் ஒரு சின்ன டிரைவர் நினைவகம் கேட்டு ஊதிக்கொண்டே போகும். நெருக்கடியில் எதை விடலாம் என்று அந்த சர்வரின் இயங்குதளமே முடிவு செய்யும்; விட்டதை மற்ற சர்வர்களுக்குத் தரலாம். எது தேவையில்லை என்பது அதற்குத்தானே தெரியும்!

டிஸ்க்கில் 500 ஜிபி என்று காட்டிவிட்டு, எழுதிய அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்குவதும் உண்டு. ரயில்வேயின் ஆர்ஏசி மாதிரி: யாராவது ரத்து செய்வார்கள் என்று ஒரே பெர்த்தில் இருவரை உட்காரவைப்பது. டிஸ்க் நிரம்பினால் ரத்து செய்ய ஆளில்லை. புதிதாக எழுத இடம் தேவைப்படும் சர்வர்களெல்லாம் சேர்ந்தே திணறும். அதனால் 80 சதவீதத்திலேயே எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறேன். பிராசசருக்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: மாதக் கடைசியில் சம்பளக் கணக்குக்கே முதல் பங்கு.